மகன் டிஃபென்ஸ் ஆடினான், கணக்கை நான் எழுதுகிறேன்

ரொறன்ரோப் பக்கம் ஐஸ் ஹொக்கி ஆடும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது முன்னைவிட அதிகம். யாரிடமோ என் நம்பரை வாங்கிக்கொண்டு அம்மாமார் போன் எடுப்பார்கள். “அக்கா, மகன் நல்லா ஆடுறான். கோச் ட்ரிப்பிள் ஏ-க்கு விடச் சொல்லுறார். என்ன செய்யலாம்?” ட்ரிப்பிள் ஏ என்றால் சிறுவர் ஹொக்கியின் ஆக மேல் மட்டம். அரை மணி நேரப் பேச்சில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? என் மகன் ஸ்காபரோவில் தொடங்கி, பதினாறு முதல் இருபது வயதுப் பெடியன்கள் ஆடும் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கான ஓ.எச்.எல். வரை போய், அதற்குப் பிறகு அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடினவன். டிஃபென்ஸ். ஆக மேலே உள்ள தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லுக்குப் போகவில்லை. போனவர்களின் கதையைப் பத்திரிகைகள் எழுதும். போகாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்கள் வீட்டுக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. எங்களுக்கு அந்தக் காலத்தில் கேட்க ஆள் இருக்கவில்லை. அரினாவில் மற்றப் பெற்றோருக்கு அண்ணன், மாமா, தாத்தா என்று யாராவது ஒருவர் இந்தப் பாதையில் முன்னமே போயிருப்பார்கள். எங்களுக்கு இருந்தது கூகிள் மட்டும்.

அவன் ஆடிய இடத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பனியில் ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு, கோலைக் காக்கும் கோலியும், முன்னால் போய்க் கோல் அடிக்கும் மூன்று ஃபோர்வர்டும், பின்னால் நின்று தடுக்கும் இரண்டு டிஃபென்ஸும் நிற்பார்கள். என்.எச்.எல். அணி ஒரு ஆட்டத்துக்கு கோலிமாரைத் தவிர 18 ஸ்கேட்டர்களை இறக்கும், அதில் வழக்கமாக 6 பேர்தான் டிஃபென்ஸ். 32 அணிகள் என்றால் ஒரு இரவில் முழு உலகத்துக்குமாக 192 இடம். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் எல்லாம் அதற்குத்தான் போட்டி போடுகின்றன. அதோடு, பின்பக்கமாக ஸ்கேட் பண்ணிக்கொண்டே வருகிறவனைக் கணிக்கவேண்டும், ஆட்டத்தின் ரப்பர் வட்டான பக் கையில் வந்ததும் தலையை நிமிர்த்திச் சரியான முதல் பாஸைக் கொடுக்கவேண்டும். ஃபோர்வர்ட் பிழை விட்டால் பின்னால் டிஃபென்ஸ் இருக்கிறான். டிஃபென்ஸ் பிழை விட்டால் கோலிதான் மிச்சம். அதனால் இந்த இடத்தில் ஒருவன் பழுத்து வர நாள் எடுக்கும். 18 வயதில் என்.எச்.எல்.லில் கோல் அடிக்கும் ஃபோர்வர்ட் உண்டு, அதே வயதில் அங்கே நிமிர்ந்து நிற்கும் டிஃபென்ஸ் அபூர்வம். டிராஃப்ட் என்று, அணிகள் இளம் ஆட்டக்காரரை வரிசையாகத் தெரிவு செய்யும் முறை ஒன்று இருக்கிறது. ஸ்டேனோ சாரா என்ற டிஃபென்ஸை 1996-இல் அதில் 56-ஆவதாகத்தான் எடுத்தார்கள், அவர் 1,680 ஆட்டங்கள் ஆடி 45 வயதில் ஓய்வு பெற்றார். நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 1989-இல் 53-ஆவது, பிறகு சிறந்த டிஃபென்ஸுக்கான நோரிஸ் கோப்பையை ஏழு தடவை வாங்கினார். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பெற்றோரிடம் காசு வாங்குகிற எவரும் “பொறுங்கோ” என்று சொல்லமாட்டார்கள். இந்த வருடம் விட்டால் போச்சு என்பதுதான் அவர்கள் எல்லோரும் விற்கிற சாமான்.

எங்கள் கதை கனேடியன் டயர் கடையில் வாங்கின ஸ்டிக்கில் தொடங்குகிறது. இடக்கை ஸ்டிக்கா, வலக்கை ஸ்டிக்கா என்று கடைப் பெடியன் கேட்டான். மகன் எடுத்துப் பிடித்துப் பார்த்து வலக்கை ஸ்டிக்தான் வசதி என்றான், வாங்கிவிட்டோம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. கனடாவில் பெரும்பாலான பிள்ளைகள் இடக்கைப் பக்கம் அடிப்பவர்கள். வலப்பக்க டிஃபென்ஸுக்கு வலக்கை ஆட்டக்காரனைத்தான் கோச்மார் விரும்புவார்கள், ஏனென்றால் பனித்தளத்தைச் சுற்றியுள்ள சுவரான போர்டோரமாக வரும் பக்கை அவன் ஸ்டிக்கை மாற்றிப் பிடிக்காமல் நேராக எடுத்து விளையாடலாம். அதனால் வலக்கை டிஃபென்ஸுக்கு எல்லா மட்டத்திலும் தட்டுப்பாடு. எழுதுகிற கையைப் பார்த்து ஸ்டிக் வாங்காதீர்கள், பிள்ளையிடம் கொடுத்து அவனே பிடிக்கட்டும். இரண்டும் வசதி என்கிற பிள்ளைக்கு வலக்கை ஸ்டிக்கைக் கொடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கிற ஒரே நன்மை இந்த விளையாட்டில் இதுதான்.

எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கும் ஹவுஸ் லீக்கில் இருந்தவரை செலவு பெரிதாக இல்லை. பழைய சாமான்கள் விற்கும் கடையில் ஸ்கேட்டும் ஷோல்டர் பாடும் வாங்கினோம். அப்புறம் ரொறன்ரோச் சிறுவர் லீக்கான ஜி.டி.எச்.எல்.லுக்குள் ஏ, டபிள் ஏ, ட்ரிப்பிள் ஏ என்று ஏறினான். ட்ரிப்பிள் ஏ-க்குப் போன முதல் வருடமே அணிக் கட்டணம், டோர்னமென்ட் ஹோட்டல், பெற்றோல், ஸ்டிக் எல்லாம் சேர்ந்து 12,000 டொலருக்கு மேல் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருடமும் அது குறையவில்லை. நல்ல கொம்போசிட் ஸ்டிக் ஒன்று 300 டொலருக்கு மேல், ஸ்லாப் ஷொட் அடிக்கும் பிள்ளை அதை ஒரு பயிற்சியிலேயே இரண்டாக முறிப்பான். என் கணவர் இரவு வேலை, நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விடியப்புறம் ஐந்தரைக்குப் பனி என்றால் அவர் வேலை முடிந்து நேரே அரினாவுக்கு வந்து காருக்குள் நித்திரை கொள்வார். இரண்டு சீட்டு எடுத்து ஹொக்கிக்குப் போட்டோம். ஒன்றை மகளின் படிப்புக்கு என்று வைத்திருந்தோம். மகள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காசு விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஜம்ப்ஸ்டார்ட் என்ற அறக்கட்டளை பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவி செய்கிறது, விண்ணப்பிக்க வெட்கப்படவேண்டாம். மற்றது, வசந்தகால ஹொக்கி, கோடை ஷோகேஸ், தனிப்பட்ட ஸ்கில்ஸ் வகுப்பு என்று வருடம் முழுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும். இவை எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிரயோசனப்பட்டது ஸ்கேட்டிங் வகுப்பு மட்டும்தான். டிஃபென்ஸ் பிள்ளைக்குப் பின்பக்க ஸ்கேட்டிங்கும் திரும்புகிற வேகமும் அடித்தளம், அதற்குக் கொடுக்கிற காசு வீணாகாது. அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் வருவார்கள் என்று சொல்லி 1,500 டொலர் வாங்கின ஷோகேஸில் நான் பார்த்த ஸ்கவுட் எல்லோரும் அடுத்த ஷோகேஸுக்கு ஆள் பிடிக்கிறவர்கள்.

பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் ஆலோசகர்கள் வருவார்கள். எங்களிடம் வந்தவர் நல்ல கோட் போட்டு, மெதுவாகப் பேசினார். ஓ.எச்.எல். அணிகளோடு தனக்குப் பழக்கம் என்றார், மகனைப் பற்றி வீடியோ செய்து அனுப்புவேன் என்றார், முதலிலேயே 4,000 டொலர் கேட்டார். “பின்னுக்கு விட்டால் பெடியனை ஒருத்தரும் பாக்க மாட்டினம்” என்று எங்களுக்குத் தெரிந்த இன்னொரு தமிழ் அப்பாவும் சொன்னார், கொடுத்தோம். வீடியோ வந்தது. மூன்று நிமிடம், பின்னணியில் பாட்டு. அதற்குப் பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை. நான் பிறகு தெரிந்துகொண்டது இதுதான்: என்.எச்.எல். ஆட்டக்காரர் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற முகவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தச் சங்கத்தின் தளத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்டவர் பிள்ளை சம்பள ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வீதம் எடுப்பார், பதினான்கு வயதுப் பிள்ளையின் தாயிடம் கை நீட்டமாட்டார். சான்றிதழ் இருந்தாலும் கடுதாசியை நீங்களே வாசியுங்கள். பொபி ஓர் என்றால் டிஃபென்ஸ் ஆட்டத்தையே மாற்றிய மனிதர், தொடர்ந்து எட்டு வருடம் நோரிஸ் வாங்கியவர். முழங்கால் உடைந்து 1978-இல் ஆட்டத்தை விட்டபோது கையில் காசில்லாமல் நின்றார். தன் முகவரை அண்ணன் மாதிரி நம்பியிருந்தார். அந்த முகவர் ஆலன் ஈகிள்சன் 1998-இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஓருக்கே அந்தக் கதி என்றால் எங்களுக்கு என்ன.

இனி அடி. இதைப் பற்றி எழுதத்தான் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இதற்குத்தான் அதிகம் போன் வருகிறது. 2013-இல் ஹொக்கி கனடா பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பீவீ பிரிவில், உடம்பால் இடிக்கும் பாடி செக்கிங்கைத் தடை செய்தது. என் மகன் பீவீயை முடித்து வெளியேறிய அதே வருடம். அதனால் அவனுடைய வயதுப் பிள்ளைகள் பதினொரு வயதிலேயே ஒருவரை ஒருவர் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். டிஃபென்ஸ் பிள்ளைக்கு ஆபத்து எங்கே என்றால், எதிர் அணி பக்கை உள்ளே தட்டிவிடும், அதை எடுக்க இவன் தன் கோலுக்குப் பின்னால் மூலைக்கு ஓடவேண்டும். முகம் போர்டைப் பார்த்திருக்கும், முதுகு முழு அரினாவையும் பார்த்திருக்கும். பின்னால் ஒருவன் முழு வேகத்தில் வருவான். மகனுக்கு பதினான்கு வயதில் அப்படித்தான் நடந்தது. போர்டில் தலை மோதிற சத்தம் மேலே பெற்றோர் இருக்கிற இடம்வரை கேட்டது. அவன் எழும்பி பெஞ்சுக்குப் போனான், இரண்டு ஷிஃப்ட் கழித்துத் திரும்பவும் இறக்கினார்கள். நான் கண்ணாடியில் தட்டினேன். “அம்மா, பேசாமல் இருங்கோ, வெட்கமா இருக்கு” என்று அவன் பிறகு காரில் சொன்னான், சொல்லிக்கொண்டே சத்தி எடுத்தான். அந்த வசந்தம் முழுக்க இருட்டு அறையில், போன் பார்க்காமல், புத்தகம் வாசிக்காமல் கிடந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் விழுந்தது. எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. கோச்மேல், இடித்த பிள்ளைமேல், காசு கட்டின எங்கள்மேல்.

இப்போது ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் இருக்கிறது. ரக்பி ஆடித் தலையில் அடிபட்டு 17 வயதில் இறந்த ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரில் 2018-இல் வந்த சட்டம். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்தில் இருந்து எடுக்கவேண்டும், மருத்துவரோ நேர்ஸ் பிராக்டிஷனரோ சரி என்று சொன்ன பிறகுதான் முழு ஆட்டத்துக்கு விடலாம். பருவம் தொடங்க முன் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள் அல்லவா, அந்தத் தாளை வாசித்துவிட்டு வையுங்கள், கோச் தயங்கினால் அதையே காட்டிப் பேசலாம். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியது இரண்டு. பக்கைத் தொட முன் இரண்டு தோளுக்கும் மேலால் திரும்பிப் பார்க்கவேண்டும், ஒரு தடவை போதாது. இடி வரும் என்று தெரிந்தால் போர்டோடு ஒட்டிவிடவேண்டும். போர்டுக்கு மூன்று நான்கு அடி தள்ளி நிற்பதுதான் ஆகப் பெரிய ஆபத்து, அந்த இடைவெளிதான் தலையைக் கொண்டுபோய் மோதவைக்கிறது. இதை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் கோச் அல்ல, ஒரு பிசியோதெரபிஸ்ட். ஷொட்டை மறிக்கும் பிள்ளைக்கு ஸ்கேட்டின்மேல் போடும் பிளாஸ்டிக் காப்பு வாங்கிக்கொடுங்கள், கால் எலும்பு முறிவதைவிட அது எவ்வளவோ மலிவு. ஸ்டீவ் மொன்டடோர் என்று ஒரு டிஃபென்ஸ், யாரும் டிராஃப்ட்டில் எடுக்காமலே 571 என்.எச்.எல். ஆட்டம் ஆடியவர், 35 வயதில் 2015-இல் இறந்தார். திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சி.டி.ஈ. நோய் அவருடைய மூளையில் இருந்ததாகக் கண்டார்கள். அந்தச் செய்தியை வாசித்த இரவு நான் மகனை நிறுத்திவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் “அவனைக் கேள்” என்றார். அவன் அழுதான். நிறுத்தவில்லை.

ஓ.எச்.எல். டிராஃப்ட் 2016 ஏப்ரலில். 15 சுற்று, 20 அணி, எல்லாம் பதினைந்து பதினாறு வயதுப் பெடியன்கள். அந்த வருடம் முதலாவதாக குவெல்ஃப் அணி எடுத்தது ஒரு டிஃபென்ஸ் ஆட்டக்காரனைத்தான், ரையன் மேர்க்லி. எங்கள் வீட்டில் கணினித் திரையில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்று சுற்று, ஆறு சுற்று, பத்துச் சுற்று. சொந்தக்காரர் சிலர் வேறு வந்திருந்தார்கள், கட்லட் எல்லாம் பொரித்து வைத்திருந்தேன். பன்னிரண்டாம் சுற்றுக்குப் பிறகு மகனுடைய பெயர் வந்தது, ஆனால் அதற்குள் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டான். ஆட்களைக் கூப்பிடாதீர்கள், அந்த நாளில் வீட்டில் யாரும் வேண்டாம். முதலாவதாகப் போன அந்தப் பிள்ளை என்.எச்.எல்.லில் 39 ஆட்டம் ஆடினான். அதைக் குறைவு என்று நான் சொல்லவரவில்லை, அதுவே மலை. பதினைந்து வயதில் போடுகிற வரிசை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குச் சொல்கிறேன். எங்கள் மகன் நவம்பரில் பிறந்தவன், ஜனவரிப் பிள்ளைகளோடு ஒரே வருடக் கணக்கில் நின்றான். அந்த வயதில் பத்து மாதம் என்றால் ஒரு சாண் உயரம், பத்துக் கிலோ. பிள்ளை வருடக் கடைசியில் பிறந்திருந்தால் இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். என்.எச்.எல். டிராஃப்ட்டுக்கு வேறு கணக்கு, அங்கே எல்லை செப்டம்பர் 15. அதனால் நவம்பர்ப் பிள்ளைக்கு அங்கே ஒரு வருடம் கூடக் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. ஓ.எச்.எல்.லில் ஒரு ஆட்டம் ஆடினாலே அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியின் கதவு மூடிவிடும். பதினாறு வயதில் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும், மற்றது போய்விடும். அந்தத் தெரிவுக்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளை எழுதினால் தனிக் கட்டுரை. இப்போது அந்த விதி இல்லை. 2024 நவம்பரில், அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அதை மாற்றி, 2025 ஆகஸ்ட் முதல் ஓ.எச்.எல். ஆடியவர்களும் அங்கே போகலாம் என்று ஆக்கிவிட்டது. ஆகவே இன்று யாராவது உங்களிடம் “இப்ப முடிவெடுக்காட்டி கதவு மூடிடும்” என்று சொன்னால் அவர் பழைய கதை சொல்கிறார், அல்லது உங்களை அவசரப்படுத்துவதில் அவருக்கு லாபம் இருக்கிறது.

முதல் வருடம் அணியில் இடம் கிடைக்கவில்லை, ஓ.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ-யில் ஆடினான். 2017-இல் வடக்கே ஒரு நகரத்துக்குப் போனான். பில்லெட் குடும்பம் என்று, ஆட்டக்காரப் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சாப்பாடு கொடுக்கும் குடும்பங்கள் இருக்கும். அந்த அம்மா தங்கமான மனிசி. நான் கொடுத்துவிட்ட மீன் குழம்பை ஃப்ரீசரில் தனித்தட்டில் வைத்திருந்தார். ஓ.எச்.எல்.லில் சம்பளம் என்று கிடையாது, கைச்செலவுக்கு மாதம் சில நூறு டொலர். அதற்குப் பதிலாக, ஆடுகிற ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவை லீக் பக்கம் ஏற்றுக்கொள்ளும். எங்களுக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்ட 600 டொலர் போயிற்று, இந்தப் பதினைந்து வருடத்தில் ஆகப் பிரயோசனமாகச் செலவழித்த காசு அது. அவர்தான் ஒரு வரியின் கீழ் கோடு போட்டுத் தந்தார்: கடைசி ஜூனியர் பருவம் முடிந்து ஒன்றரை வருடத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்த உதவி போய்விடும். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. ஒன்றரை வருடம் பற்றி யார் யோசித்தார்கள்.

2019 ஜூனில் என்.எச்.எல். டிராஃப்ட் வன்கூவரில் நடந்தது. ஏழு சுற்றிலும் மகனின் பெயர் வரவில்லை. அதே வாரம், இரண்டு நாள் முன்னால், நோரிஸ் கோப்பையை மார்க் ஜியோர்டானோ வாங்கினார். ரொறன்ரோவில் வளர்ந்த பெடியன், ஓவன் சவுண்டில் ஓ.எச்.எல். ஆடியவர், என்.எச்.எல். டிராஃப்ட்டில் ஒருவரும் எடுக்காதவர், நடுவில் ஒரு வருடம் ரஷ்யாவுக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பியவர். கோப்பை வாங்கும்போது அவருக்கு வயது 35. என் கணவர் அந்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு மகனுடைய அறைக்குப் போனார். அது மகனுக்கு ஆறுதலாக இருந்ததோ இல்லையோ, அவருக்கு இருந்தது.

அடுத்த பருவம் அவன் நன்றாக ஆடினான். முதல் ஜோடியில் போட்டார்கள், பெனால்டி நேரத்தில் எல்லாம் அவனையே இறக்கினார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து லீக் நின்றது. சரி, அடுத்த வருடம் கடைசிப் பருவம், இருபது வயதுப் பிள்ளையாக அணியை வழிநடத்தலாம், அதைப் பார்த்து யாராவது ஒப்பந்தம் தருவார்கள் என்று இருந்தோம். 2020-21 பருவத்தை ஓ.எச்.எல். ஒரு ஆட்டம்கூட ஆடாமலே கைவிட்டது. அவன் எங்கள் கராஜில் பிளாஸ்டிக் தரை போட்டு பக்கை அடித்துக்கொண்டு இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்துக்கு முறைப்பாடு செய்தார். அந்த ஒரு வருடத்தில் அவன் இழந்ததற்கு டொலர்க் கணக்குப் போட முடியாது. போகப்போக மெருகேறும் இடத்தில் ஆடுகிற பிள்ளைக்குக் கடைசி வருடம்தான் முக்கியமான வருடம், அதுதான் இல்லாமல் போனது.

2021 இலையுதிர்காலத்தில் ஈ.சி.எச்.எல். அணி ஒன்று கூப்பிட்டது. என்.எச்.எல்.லுக்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். தொழில்முறை ஆட்டக்காரன் என்று எங்கள் ஆட்கள் முகநூலில் வாழ்த்துப் போட்டார்கள். சம்பளம் வாரத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் அமெரிக்க டொலர், பருவம் நடக்கும்போது மட்டும். தங்க அணியே அபார்ட்மென்ட் கொடுக்கும், இன்னொரு ஆட்டக்காரனோடு. கோடையில் ஒன்றும் இல்லை. அந்த வருடம் என்.எச்.எல்.லில் ஆகக் குறைந்த சம்பளம் 750,000 டொலர். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், இந்தத் தொழில் விளங்கிவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவும் மூன்று ஆட்டம், நடுவில் பஸ். ஒரு நாள் காலையில் அவனுடைய அறைத்தோழனை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள், மத்தியானத்துக்குள் அவன் சாமான் கட்டிக்கொண்டு போய்விட்டான். மகனுக்கு ஜனவரியில் தோள்மூட்டு விலகியது. ஆறு வாரம் கழித்து டேப் சுற்றிக்கொண்டு திரும்பவும் ஆடினான். இவ்வளவுக்கும் நடுவில், அவன் ஆட்டம் அந்த வருடம்தான் நிமிர்ந்தது. நான் ஹொக்கி தெரியாத பொம்பிளை அல்ல இப்போது, கண்ணால் பார்த்தேன். முன்பு பக் வந்ததும் பதறுவான். இப்போது வருவதற்கு முன்னமே எங்கே கொடுக்கவேண்டும் என்று தெரிந்து நின்றான்.

2022 கோடையில் இரண்டு கடிதம். ஒன்று, ஏ.எச்.எல். அணி ஒன்றின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு, ஒப்பந்தம் இல்லை, வந்து ஆடிக் காட்டு என்று. மற்றது ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக அனுமதி. வக்கீல் கோடு போட்ட அந்த ஒன்றரை வருடம் அந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது. முகாமுக்குப் போனால் மூன்று வருடப் படிப்புக் காசு போகும். “பனை வைத்தவன் பார்த்துச் சாவான் எண்டு அப்பா சொல்லுவார். இவ்வளவு காலம் தண்ணி ஊத்திப்போட்டு, காய்க்கிற நேரத்தில வெட்டச் சொல்லுறியோ?” என்று கணவர் என்னிடம் கத்தினார். நான் படிப்பு என்று நின்றேன். இரண்டு வாரம் அந்த வீட்டில் சமையல் மட்டும் நடந்தது, கதை இல்லை. மகன் தன் ஈ.சி.எச்.எல். கோச்சுக்கு போன் எடுத்து, “எனக்கு ஏ.எச்.எல்.லில் இடம் கிடைக்குமா, நேராகச் சொல்லுங்கள்” என்று கேட்டான். “இருபத்துநாலு வயதில் கிடைக்கலாம்” என்றார் அவர். அவனுக்கு அப்போது இருபத்தொன்று. மூன்று வருடம், அதே வாரச் சம்பளம், அதே தோள். அடுத்த நாள் பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்பிவிட்டான். எங்கள் இருவரையும் கேட்கவில்லை.

அவன் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், படிப்புக்கு ஆம் என்பேன். ஆனால் அவன் இன்னும் நன்றாக ஆடியிருப்பான் என்பதும் உண்மை. டிஃபென்ஸ் பழுக்கிற வயதும் அந்த ஒப்பந்தத்தின் கெடுவும் ஒன்றோடொன்று பொருந்தாது. இதை அவனுக்குப் பதினாறு வயதிலேயே யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால், நடுவில் எந்த வருடம் என்ன செய்வது என்று வேறு மாதிரி யோசித்திருப்போம். இப்போது என்.சி.ஏ.ஏ. விதி மாறியதால் இருபது வயதுக்குப் பிறகும் படித்துக்கொண்டே ஆடுகிற வழி திறந்திருக்கிறது, டிஃபென்ஸ் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம் என்று நினைக்கிறேன். கையெழுத்து வைக்க முன் படிப்பு உதவி எப்போது தொடங்கும், எப்போது முடியும், எந்த மட்டத்தில் சம்பள ஒப்பந்தம் எழுதினால் அது ரத்தாகும், காயம் பட்டால் என்ன ஆகும் என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னால் “ஓம்” என்று தலையாட்டிவிட்டு, எழுத்தில் தாருங்கள் என்று திரும்பவும் கேளுங்கள்.

சொந்தக்காரர் ஒருவர், பி.கே. சுபானும் தமிழ்ப் பெடியன்தானே, அவன் போகவில்லையா என்று என்னிடம் கேட்டார். என்.எச்.எல்.லில் டிஃபென்ஸ் ஆடிய சுபானுடைய அப்பா ஜமேக்காவில் பிறந்தவர், அம்மா மொன்செராட் தீவு. பெயரைப் பார்த்து ஏமாறுகிறோம். ஆனால் அந்த வீட்டைப் பார்ப்பது நல்லதுதான். மூன்று அண்ணன் தம்பியும் டிராஃப்ட்டில் எடுக்கப்பட்டவர்கள். மூத்தவர் இரண்டாம் சுற்றில் போய் 2013-இல் நோரிஸ் வாங்கினார். நடுவில் உள்ளவர் கோலி, என்.எச்.எல்.லில் ஆடினார். கடைசித் தம்பி ஜோர்டன், அவரும் டிஃபென்ஸ், என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டமும் இல்லை. ஒரே வீடு, ஒரே பின்வளவு, ஒரே அப்பா.

மொத்தம் எவ்வளவு போனது என்று எல்லோரும் கேட்பார்கள். ஓ.எச்.எல்.லுக்கு முன் மட்டும் லட்சம் டொலரைத் தாண்டியது. படிப்பு உதவியாகத் திரும்பி வந்தது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மகன் இப்போது படித்து முடித்து வேலைக்குப் போகிறான், சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்பக்க ஸ்கேட்டிங் பழக்குகிறான், காசு வாங்குவதில்லை. குளிரில் தோள் நோகும் என்கிறான். வசந்தத்தில் அடுத்த பருவத்துக்கான தெரிவு தொடங்கும், அப்போது அரினாவில் யாராவது உங்களை ஓரமாகக் கூட்டிப்போய் “இண்டைக்கே சொல்லுங்கோ” என்றால் ஒரு வாரம் தாருங்கள் என்று சொல்லிவிட்டு எனக்கு போன் எடுங்கள். வலக்கை ஸ்டிக் நான்கு, பத்து சைஸ் ஸ்கேட் ஒரு சோடி, ஷொட் மறிக்கும் காப்பு எல்லாம் கராஜில் கிடக்கிறது. தேவையான பிள்ளை இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.